ஒரு மணி நேரம் முந்தி

அக்கரையில் கடிகாரம் பின்தங்கி நடக்கும்.
எங்கள் தோர்னியோவில் ஏழு என்றால்
ஆற்றுக்கு அந்தப்புறம், ஸ்வீடனில், ஆறு.
புத்தாண்டு இரவில் இரண்டு முறை வாணவேடிக்கை.
எங்கள் ஊரின் அதிசயம் அவ்வளவுதான்.

வெய்க்காவுக்குத்தான் அது தோன்றியது.
"கிளம்பின நேரத்துக்கு முன்னாடியே
போய்ச் சேர்ந்துடுவேன், சைமி.
தலைப்பே அதுதான். நீ எடு, போதும்."

பிப்ரவரியில்
வீட்டுக் கூரையிலிருந்து பனிக்குவியலில் குதித்ததை
இருநூறு பேர் பார்த்தார்கள்.
பெட்ரோல் நிலையக் கூரைக்கு ஆயிரத்துச் சொச்சம்.
ரயில் பாலத்தின் மேல்விட்டத்தில் நடந்தபோது
பத்தொன்பதாயிரம்.
அதன் பிறகு கூரையெல்லாம் அவனுக்குத்
தரையாகிப் போனது.
சாப்பிடும்போதும் எண்ணிக்கையைப் பார்ப்பான்,
அது அடுப்பில் வைத்த பால் என்பதைப் போல.

மே முதல் வாரம்.
முந்தின இரவு முழுக்க ஆறு முனகியது,
லாரி நிறையப் பாத்திரங்களை
யாரோ மெல்ல மெல்லக் கவிழ்ப்பது மாதிரி.
பனி உடையும் நிமிடத்துக்குப் பந்தயம் கட்டியவர்கள்
பெரிய பாலத்தில் காப்பிக் கோப்பைகளோடு நின்றார்கள்.
நாங்கள் மர ஆலைக்குப் பின்னால்,
வளைவில்,
யாருக்கும் தெரியாத இடத்தில்
எல்லோரும் பார்ப்பதற்காக.

மஞ்சள் சட்டை போட்டிருந்தான்.
"தூரத்துல தெரியணும்ல."

முதல் பாளம். இரண்டாவது.
பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனின் ஓட்டம்.
நடுவில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.
என்னை அல்ல.
என் கையில் இருந்ததை.

நான்காவது பாளம்
தட்டிலிருந்து முட்டையைச் சரிப்பதுபோல
அவனைச் சரித்தது.

அப்போது என்ன செய்தாய் என்று
காவலர் கேட்டார்.
அவன் அப்பா, கையுறையைக் கழற்றாமலே, கேட்டார்.
கத்தினேன் என்றேன்.
கத்தினேன், உண்மைதான். பதிவில் கேட்கிறது.
அதற்கு இரண்டு நொடி முன்னால்
என் இரு விரல்கள் திரையில் விரிந்ததை
ஒருவரும் கவனிக்கவில்லை.
மஞ்சள் பெரிதாகிறது.
கிட்டத்தில் வருகிறது.
காப்பாற்றப் போகிறவளைப் போல
அவ்வளவு கிட்டத்தில்.

அவன் விழுந்தது ஆறு நாற்பதுக்கு.
அக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர்
அவனைக் கரையிழுத்தபோது
அவர்கள் நேரப்படி ஆறு பத்து.
ஸ்வீடன் மருத்துவரின் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.
முத்திரையோடு.
சொன்னதைச் செய்துவிட்டான் வெய்க்கா,
முப்பது நிமிடம் முந்தி.

பத்தொன்பதாயிரம் எங்கே, இது எங்கே.
ஒன்பது லட்சம் பேர் பார்த்த பிறகு நீக்கினார்கள்.
நீக்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது,
வேறு வேறு பெயர்களில்,
ஒன்றில் பின்னணி இசையோடு.

இந்த வருடமும் ஆறு முனகுகிறது.
மர ஆலைக்குப் பின்னால் போனேன்,
ஏன் என்று தெரியாது.
எட்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர்
பாளத்தின் விளிம்பைக் கோலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவன் செம்மஞ்சள் தொப்பி.
என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.
"நீதானே அன்னிக்கு எடுத்தது?
கை அசையவே இல்ல!"
போனை நீட்டினான்.

வீசி எறியத்தான் வாங்கினேன்.
அதற்குள் என் கை
தானாகவே அதைக் குறுக்குவாட்டில்
திருப்பிப் பிடித்திருந்தது.