அப்பம் எண்ணுகிறவள்

ஆயர் இல்லத்துப் படிவம்
புல்மோட்டை பஸ்ஸில் வந்தது.
நியாஸ் இறங்கவில்லை, மிதிபலகையில் நின்றே நீட்டினான்.
காற்று கொண்டுபோகாதிருக்க
உள்ளே ஒரு மாங்காயை வைத்துச் சுற்றியிருந்தான்.

"ஆலயத்துக்குரிய குடும்பங்கள் எத்தனை?"
கட்டம் தீப்பெட்டியளவு.
பதினைந்துக்குக் குறைந்தால்
எங்களை நிலாவெளியோடு சேர்த்துவிடுவார்களாம்.
சேர்த்தால் மாதம் ஒரு பூசை,
சேர்க்காவிட்டால் இரண்டு.
"ஒரு பூசைக்கும் இரண்டு பூசைக்கும் நடுவில
எவ்வளவு பாவம் செய்யலாம்?" என்றார் சந்தியோகு.
அவர் எதையும் கேட்பார்.

எண்ணுவது எனக்குப் பழகிய வேலை.
சக்கிறிஸ்தியில் அப்பம் எண்ணிப்
பாத்திரத்தில் வைப்பவள் நான்தான்.
மழையென்றால் பன்னிரண்டு.
திருநாளென்றால் அறுபது.
கடல் கலங்கலாய்க் கிடந்து
ஆண்கள் கரையில் இருந்தால் முப்பது.
இதுவரை பிழைத்ததில்லை.

பதினொரு வீடு.
அதில் சூசைமுத்து வீட்டில் பூட்டு மட்டும்தான் இருக்கிறது;
கட்டாரிலிருந்து கூரைக்குக் காசு அனுப்புகிறார்கள்,
கூரை இன்னும் ஒழுகுகிறது.
எமரென்சியா தனியாள்.
ஒரு குடும்பமென்று போடலாமா என்றதற்கு,
"சண்டை பிடிக்க வீட்டில ஆள் இருந்தாத்தான் குடும்பமோ?"
என்று கதவைச் சாத்தினாள்.
தவமலரை எங்கே எழுதுவது?
செவ்வாய்தோறும் எங்களுக்கு முன்பே வந்து
அந்தோனியாரின் சுருவத்துக்குப் பூ வைத்து,
திரியை நகத்தால் கிள்ளிச் சரிபண்ணிவிட்டு,
பிறகுதான் அம்மன் கோயிலுக்குப் போகிறாள்.
நேர்த்தியை அவள் பிரித்துக் கொடுக்கிறாள்.
கட்டத்தை எப்படிப் பிரிப்பது?

வியாழக்கிழமை கடலில் கைகலப்பு.
கச்சான் பெயர்ந்ததும் நீர்கொழும்பிலிருந்து வந்து
வாடி போட்டிருக்கிறவர்களின் போட்டொன்று
கபிரியேலின் வலையை இரண்டாய் அறுத்துவிட்டது.
துடுப்பு ஓங்கினார்கள்.
நேவி வந்தது.
லயனல் என்ற சம்மாட்டி
அரைத் தமிழில் கும்பிட்டான் என்றார்கள்;
இல்லை, ஏசினான் என்றும் சொன்னார்கள்.

ஞாயிறு.
ஓடு இல்லாத இடத்தால் விழும் வெயில்
பீடத்து விளிம்புக்கு வந்ததும்
றெக்ஸ் சுவாமி பூசையைத் தொடங்குவார்.
நான் இருபத்தேழு எண்ணி வைத்திருந்தேன்.

முதலாம் வாசகம் முடிகிறபோது
வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.
வாடியிலிருந்து ஒன்பது பேர்.
தோய்த்த சாரம் காய்ந்திருக்கவில்லை,
தலைமுடியில் மண்ணெண்ணெய் மணம்.
ஆண்கள் பக்கத்தில் ஒரேயொரு வாங்கு மிச்சம்,
கபிரியேல் இருந்த வாங்கு.
அவர் தள்ளி இருக்கவில்லை.
எழும்பிப் போகவும் இல்லை.
லயனல் பாதி இருந்து,
பாதி அந்தரத்தில் நின்றான்.

"பரலோகத்தில்" நாங்கள் சொல்லி முடித்தோம்.
அவர்களுடையது சிங்களத்தில் இன்னும் இரண்டு வரி நீண்டது.
காத்திருந்தோம்.

நற்கருணைக்கு வரிசை நகர்ந்தது.
பாத்திரத்தின் அடியை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்,
கிணறு வற்றுவதைப் பார்க்கிறவள்போல.
கன்னத்தில் சூடு ஏறியது.
இருபது வருடத்தில் முதல்தரம் கணக்குப் பிழைத்தது.
சுவாமி என் பக்கம் திரும்பவில்லை.
பதினெட்டாவது ஆளிலிருந்து முறிக்கத் தொடங்கினார்.
மெல்லிய சத்தம், சுள்ளி ஒடிகிறதுபோல.
கபிரியேலின் நாவில் ஒரு பாதி.
அதன் மறுபாதி பின்னால் நின்றவனுக்கு.
பின்னால் நின்றவன் யாரென்று
நான் சொல்லத் தேவையில்லை.

வெளியே வந்ததும்
கபிரியேல் வேப்பமரத்தடியில் அவனை மறித்தார்.
"வலைக்காசு எப்ப?"
லயனல் விரல்களை விரித்துக் காட்டினான்,
நாளா, ஆயிரமா தெரியவில்லை.
பேரம் வெயில் உச்சிக்கு ஏறும்வரை போனது.
எமரென்சியா அவர்களுக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்,
சீனி போடாமல்.

படிவம் இன்னும் என்னிடம்தான்.
மாங்காய்ப் பால் பட்டு
கட்டத்தின் ஒரு மூலை பழுத்திருக்கிறது.
நாளை நியாஸின் பஸ்ஸில் அனுப்பவேண்டும்.
பதினொன்று என்று எழுதி, வெட்டி,
பக்கத்தில் கேட்டிருக்கிறேன்:
பாதிகளை எப்படிக் கணக்கெடுப்பது,
தயவுசெய்து அறியத்தரவும்.