வெறுங்கூடை

தடைக்காலம் முடிய இன்னும் நான்கு இரவு.
தேங்காய்த்திட்டு துறைமுகத்தில்
விசைப்படகுகளுக்கு நீலம் அடிக்கிறார்கள்.
முத்தியால்பேட்டை மாடியறையில்
ஒரே நிரலை மூன்றாம் முறை கம்பைல் செய்கிறேன்.

மீன் தராசின் அடியில் உள்ளங்கை அகலப் பலகை, அதில் லினக்ஸ்.
ஐஸ் ஃபேக்டரியில் தேசிங்கு மேசைமேல் விண்டோஸ்,
கீபோர்டில் ஐந்தாம் எண் கிடையாது.
ஏற்றுமதிக்காரர் வீட்டில் ஒரு மேக்,
வெள்ளிதோறும் அதற்குச் சந்தனப் பொட்டு.
மூன்றுக்கும் ஒரே லைப்ரரி என்று
அட்வான்ஸ் வாங்கும்போது சொல்லித் தொலைத்தேன்.

'கூட்டு' என்றுதான் பெயர் வைத்தேன்.
ஒரு கம்பைலர் முன்னால் கோடு போட்டு
எழுத்தை எண்ணி எழுதியது.
இன்னொன்று கேள்விக்குறியில் தொடங்கி
எங்கெங்கோ சுழித்து முடித்தது.
அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றது லிங்க்கர்,
மதியம் ஒன்றே முக்காலுக்குத் தாலுகா ஜன்னல் மாதிரி.

எனக்குக் கோபம் வரவில்லை.
என் பெயர் அமலோற்பவம்.
பிரெஞ்சுப் பதிவேட்டில் அதன் வாலில் ஓர் எழுத்து:
யாரும் உச்சரிப்பதில்லை,
விட்டுவிட்டால் மட்டும் செல்லாது.
ரேஷன் அட்டையில் ஒற்று உதிர்ந்துவிட்டது.
பாஸ்போர்ட்டில் அப்பா எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்.
மூவரும் நான்தான் என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதற்கும் அப்படி ஒரு வரி உண்டு:
ஜோடனை வேண்டாம், பழைய சி மொழிப் பெயரால் கூப்பிடு.
போட்டேன்.
விண்டோஸுக்கு மேலும் ஒன்று.
வெளியே விடு என்று பெயர் பெயராகச் சொல்லாவிட்டால்
அது யாரையும் வாசல் தாண்ட விடாது.
லினக்ஸ் கதவே வைக்காத வீடு,
உள்ளறை ஆட்களை நான்தான் திரை போட்டு மறைக்க வேண்டும்.
மேக் லைப்ரரி தன் முகவரியைத் தன் வயிற்றிலேயே எழுதிக்கொள்கிறது;
இடம் மாற்றி வைத்தால்
பழைய வீட்டிலேயே போய்த் தேடுகிறார்கள்.

இரண்டரை மணிக்கு மூன்றும் ஓடின.
பிழை இல்லை.
எச்சரிக்கைகூட இல்லை.

காலையில் தேசிங்கு போன் செய்தார்.
"மீன் இல்லாததால மணல் மூட்டைய ஏத்திப் பாத்தேங்க.
மொத மூட்டை நாப்பத்தொண்ணு. சரி.
அடுத்தது சைபர்.
அப்புறம் முப்பத்தெட்டு. அப்புறம் சைபர்.
சைபருக்கும் கூலி போடணுமா?"

லாங்.
தராசு எட்டு பைட்டில் எழுதியதை
அவர் மேசை நாலு நாலாய்ப் படித்திருக்கிறது.
ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும்
ஒரு வெறுங்கூடை வரிசையில் நின்றிருக்கிறது.
ராத்திரி முழுக்கப் பெயர்களோடு மல்லுக்கட்டினேன்.
இதில் பெயர் ஒன்றுதான், ஓரெழுத்து பிசகவில்லை.
முழம் வேறு.

அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன்.
அறுபத்துநாலு பிட், எந்த ஊரிலும், என்று எழுதினேன்.
திரும்ப மூன்று முறை.
மின்விசிறி நின்று, வந்து, நின்றது.

தேசிங்கு மணலை மறுபடி ஏற்றுகிறார்.
போனில் அவர் மூச்சு கேட்கிறது,
ஐஸ் உடைக்கும் இயந்திரம் கேட்கிறது.
"நாப்பத்தொண்ணு" என்கிறார்.
அடுத்ததைச் சொல்லுமுன்
கொஞ்சம் நிறுத்துகிறார்.