ஐந்து, நான்கு, மான்

டொக்டர் ரிஸ்மியா சொன்னதை
கழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன்.
பார்ப்பது ஐந்து. தொடுவது நான்கு. கேட்பது மூன்று.
மணப்பது இரண்டு. ருசி ஒன்று.
நெஞ்சு படபடத்தால் மேலிருந்து எண்ணிக்கொண்டு வாங்கோ,
மாத்திரைக்கு முதல் இதைச் செய்து பார்ப்பம், என்றார்.

வியாழன். பதினொரு தாபரிப்பு வழக்கு.
நீதிமன்றத்தில் என் வேலை
காதால் வாங்கி விரலால் விடுவது.
நடுவில் நான் இல்லை; இருக்கவும் கூடாது.
'சாட்சி அழுகிறார்' என்று அடிக்க
இரண்டு சொல், நடுவில் ஓர் இடைவெளி போதும்.
இன்று அந்த இடைவெளிக்குள்
மடியிலிருந்த பிள்ளை 'அம்மா, தண்ணி' என்றது.
யாரும் அதைப் பதியச் சொல்லவில்லை.
மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியும்
அதுதான் கூடவே வந்தது.

டச்சுக்குடாக் கரை.
கவிழ்த்து வைத்த வள்ளம்.
அதில் பச்சைப் பூச்சு உரிந்த இடம்
(தனியாக எண்ணலாமா? எண்ணினேன்).
இடது காற்செருப்பு, ஒற்றை.
கோணமலைக்கு மேல் நகராத ஒரு முகில்.
ஐந்தாவதாய்க் கடலைச் சொன்னால்
ஏமாற்றுவதுபோல் இருந்தது, அது எப்பவும் இருக்கிறதுதானே.
காற்சட்டைப் பையை வெளியே இழுத்து
மணல் உதறிய பையனைச் சேர்த்துக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றினேன்.
மேல் மணல் சுட்டது.
பெருவிரலை நுழைத்தால் அரை அங்குலத்துக்குக் கீழே குளிர்.
சேலைக்கரைச் சரிகை கணுக்காலில் உரசியது.
மூன்றாவது, சுட்டுவிரல் நுனிக் காய்ப்பு.
இருபத்திரண்டு வருடத் தட்டச்சு.
அதைத் தொட்டதும் திரும்ப நீதிமன்றம்,
திரும்பப் படபடப்பு.
டொக்டர், வேலை உடம்பிலேயே ஒட்டியிருந்தால்
எந்தக் கணக்கில் போடுவது?

நான்காவதைத் தேடும்போது
பின்னால் சரசரத்தது.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்.
எங்கள் ஊரில் மானுக்கு ஓட்டோ நிற்கும்,
ஒருவரும் வியப்பதில்லை.
வாயில் யாரோ எறிந்த லஞ்ச்சீட், பருப்புக்கறி மஞ்சளோடு,
பாதி வெளியே, பாதி தொண்டைக்குள்.
போன மாசம் மதிலடியில் ஒன்று
வயிறு வீங்கிக் கிடந்தது.

எப்போது எழும்பினேன் தெரியாது.
ஒரு கையில் சீட்டின் நுனி,
மறுகை அதன் தாடைக்குக் கீழே.
இழுத்தேன். அதுவும் இழுத்தது.
பல்லின் அரைவை பொலித்தீன் வழியே விரலுக்கு ஏறியது.
மணிக்கட்டில் சூடான மூச்சு, விட்டுவிட்டு.
புளித்த புல், பழங்கறி, ஈர மயிர்.
கண்ணோரத்தில் ஓர் ஈ.
அந்தக் கறுப்புக்குள் சிறிதாய் வள்ளம்,
கொண்டை அவிழ்ந்த ஒருத்தி.

"விடுங்கோ மிஸ், முட்டிப்போடும்!"
இறால்வடை வண்டில் நெவில் ஓடிவந்தான்.
அதற்குள் வந்துவிட்டது, முழுசாய், எச்சில் ஒழுக.
மான் என்னைப் பார்க்கவுமில்லை.
அடுத்த குப்பையை முகர்ந்துகொண்டு போனது.

மூச்சு வாங்கியது.
இது வேறு மூச்சு.
நெவில் கை கழுவ ஊற்றிவிட்டு
போத்தலின் மிச்சத்தை நீட்டினான்.
வெயிலில் வெதுவெதுத்த குழாய்த் தண்ணீர்,
கொஞ்சம் குளோரின்.
ஒரு மிடறை நாக்கிலேயே வைத்திருந்தேன்.

அந்தப் பிள்ளைக்கு யாராவது கொடுத்தார்களா?

ருசி ஒன்று, சரி.
கேட்டதையும் மணந்ததையும் எண்ணவில்லை.
பிழையைத் திருத்தி அடிக்கப்போவதுமில்லை.
நாளைக்கும் வழக்கு இருக்கிறது.
மேசையில், தட்டச்சுப் பொறிக்கு இந்தப் பக்கம்
ஒரு போத்தல் தண்ணீர் வைக்கவேண்டும்,
சாட்சிக் கூண்டிலிருந்து
சின்னக் கை எட்டும் தூரத்தில்.