தண்ணீர் இறக்கிய தேதிகள்

கோடைக்கென்று கட்டிய விடுதி.
ஜூலையில் வந்து மீன்பிடித்து
செப்டம்பரில் பெட்டி கட்டியவர்களுக்கு
சுவருக்குள் கம்பளி எதற்கு?

டுலூத் வீட்டை விற்று இதை வாங்கினோம்.
பலகையைப் பெயர்த்தபோது உள்ளே
சுருட்டி அடைத்த 1926இன் செய்தித்தாள்,
மெத்தைப் பஞ்சில் எலி கட்டிய கூடு,
ஒற்றைக் காதணி.
மற்றபடி காற்று. நிறையக் காற்று.

கதவுகளின் அறை எண்களைக்
கழற்றச் சொன்னான் ஹெல்மர்.
ஐந்தை மட்டும் நான் விடவில்லை.
அதற்கு அரைநாள் சண்டை.

சமையலறைக்கு அடியில் தவழ்ந்துபோன
பிளம்பர் வெண்டல்
டார்ச்சை உத்திரத்தில் நிறுத்தி
என்னைக் கூப்பிட்டார்.
பென்சிலில், ஒன்றன்கீழ் ஒன்றாக:

அக்டோபர் 9, 1931. தண்ணீர் இறக்கியாயிற்று.
அக்டோபர் 14, 1932. தண்ணீர் இறக்கியாயிற்று.

நாற்பத்து மூன்றில் கையெழுத்து மாறுகிறது,
மெல்லிய, சாய்ந்த எழுத்து.
நாற்பத்தாறில் பழைய கை திரும்புகிறது,
கொஞ்சம் நடுங்கி.

கடைசிச் சொட்டுவரை வடியவிட்டு
வீட்டைச் சாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்
எண்பது தடவைக்கு மேல்,
மே மாதம் எழுப்பிக்கொள்ளலாமென்று.

"இந்த வருஷம் என்ன எழுத?"
புதுச் செம்புக் குழாய்க்குப்
பஞ்சுச்சட்டை மாட்டியபடி கேட்டார் வெண்டல்.
ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அக்டோபர் வந்தது. யாரும் இறக்கவில்லை.
ஏரி ஓரங்களில் தோல் கட்டியது,
பிறகு நடுவிலும்.
அக்கம்பக்கம் பூட்டிக்கொண்டு போனபின்
கரையில் எங்கள் புகை மட்டும்
துணைக்கு ஆளில்லாமல் நின்றது.

பிப்ரவரியில் ஓரிரவு, மைனஸ் முப்பத்தாறு.
பனிக்கட்டியின் நெடுக
விரிசல் ஓடிய சத்தத்துக்கு
நாய் எழுந்து குரைத்தது,
யார் வந்தாரென்று தெரியாமல்.
சமையலறைக் குழாய்
ஒருமுறை இருமி நின்றது.

நான் ஹேர் டிரையரோடு தவழ்ந்தேன்.
ஹெல்மர் வெந்நீரில் நனைத்த துணிகளோடு.
எட்டு வயது சிக்ரிட்
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு
விளக்கைப் பிடித்திருந்தாள்,
எங்கள் வாயிலிருந்து
இரண்டு வசவுகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டு.

இரண்டு மணி நேரம்.
பிறகு குழாய்க்குள் ஒரு முனகல்,
மேலே தொட்டியில் தடதடவென்று.

மறுநாள் காப்பியோடு குனிந்து பார்த்தேன்.
வரிசையின் அடியில் அவள் கிறுக்கல்:
பிப்ரவரி 11. தண்ணீர் நின்றது.
நாலேகாலுக்கு வந்தது.

பக்கத்தில் ஒரு நாய்.
காதுகள் ரொம்பப் பெரிசு.