அகன்ற அடி

தண்டர் பே. பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சின் சூடாக்கும் வயர்கள்
ஒவ்வொரு காரின் வாயிலிருந்தும் நாக்காய்த் தொங்குகின்றன.
உள்ளே என் மேஜையில்
ஒரு மனிதரின் வலது நுரையீரல்,
அதாவது ஊசி கிள்ளி வந்த நான்கு நூல்.

படிவத்தில் இருந்தது:
ஆண், அறுபத்திரண்டு, புகைப்பவர்,
மேல் மடலில் கட்டி, நான்கு சென்டிமீட்டர்.
புற்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
மிகச் சிறிய கேள்விக்குறி.
வியாழனுக்கு அறுவை அரங்கு பதிவாகிவிட்டது.

இளஞ்சிவப்பும் ஊதாவுமாய் முதல் சில்லு.
புற்றைத் தேடினேன். தேடச் சொன்னதைத் தேடுவது பழக்கம்.
இல்லை.
சீழ் அணுக்கள், அவற்றைச் சுற்றி வேலியாகப் பெருஞ்செல்கள்,
வாய் நிறைய எதையோ அதக்கிக்கொண்டு.
ஒன்றின் வயிற்றில் மட்டும் வெற்று வட்டம்.
குமிழியாக இருக்கலாம். என் கண்ணின் அசதியாகவும்.
மூன்று மணிக்கு மேல் எனக்கு எல்லாமே வட்டம்தான்.

வெள்ளிச் சாயம் வேண்டுமென்று
மார்கெட்டா கோஸ்கெலாவைக் கூப்பிட்டேன்.
"ஐந்து மணி பஸ் போய்விடும்."
"தெரியும்."
கோட்டைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினாள்.

வெள்ளி அவசரக்காரர்களைத் தண்டிக்கும்.
ஒரு நிமிடம் குறைந்தால் ஒன்றும் தெரியாது.
ஒரு நிமிடம் கூடினால்
நார், சளி, செத்த சிவப்பணு, எல்லாமே கறுத்துக்
குற்றவாளிக் கூண்டில் நிற்கும்.
அவள் கடிகாரம் பார்ப்பதில்லை.
திசு மளிகைக் காகிதப் பையின் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடுவாள்.

பச்சைப் பின்னணியில்
கறுப்பாய், உருண்டையாய், தடித்த சுவரோடு
ஒன்று. பத்து. எண்ணுவதை விட்டேன்.
அரும்பு விட்டவற்றை மட்டும் தேடினேன்;
தாயும் பிள்ளையும் ஒட்டும் இடத்தில்தான்
பெயர் இருக்கிறது.
கழுத்து ஒடுங்கியிருந்தால் வேறு பெயர், வேறு மருந்து.
இவற்றுக்குக் கழுத்தே இல்லை.
மாவு வழிந்து ஒட்டி வெந்த இரண்டு இட்லி போல
அடி அகன்று.

பிளாஸ்டோமைசெஸ்.
ஈர மண்ணில், மக்கிய மரத்தில், ஏரிக்கரையில் குடியிருப்பது.
யாராவது கிளறினால் மூச்சில் ஏறிக்கொள்வது.

டாக்டர் பெல்லமிக்குப் போன்.
"வியாழன் வேண்டாம். பூஞ்சை."
"உறுதியா?"
"வளர்ப்புச் சோதனைக்கு நான்கு வாரமாகும்.
புற்றும் எங்காவது இருக்கலாம், இந்த நான்கு நூலில் இல்லை.
மருந்து கொடுத்துக் கட்டி சுருங்குகிறதா பாருங்கள்."
மறுமுனையில் பேச்சில்லை. பிறகு,
"நாய் செத்துப்போனதாகச் சொன்னார்.
அக்டோபரில். இருமி இருமி.
படகுத்துறையின் பழைய பலகைகளைப் பெயர்த்தபோது
அதுவும் கூடவே மண்ணைப் பறண்டிக்கொண்டிருந்ததாம்.
நான் எழுதிக்கொள்ளவில்லை."

படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.

மார்கெட்டாவை என் காரிலேயே கொண்டுபோய் விட்டேன்.
அவள் பக்கத்துக் கண்ணாடியில் உட்புறமாய் உறைபனி.
நகத்தால் சுரண்டி ஒரு வட்டம் போட்டாள்,
அதை ஒட்டி இன்னொன்று.
"இப்படியா?"
"இன்னும் அகலமாக."
சுரண்டினாள். அந்த ஓட்டை வழியே
எதிர்த் தெருவில் ஒருவர்
நாயைப் பிடித்துக்கொண்டு
சிக்னலுக்குக் காத்திருந்தார்.