வாடகைக்கு வீடு: சோதனை எண் 41

நாற்பத்தொன்று மட்டும் சிவப்பு.
மீதி எல்லாம் பச்சை.
ராத்திரி ஒன்றேகால். கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு வண்டி இன்னும் முடியவில்லை,
பெட்டி பெட்டியாக
என் ஜன்னல் கம்பியில் அதிர்கிறது.

விளம்பரத்தை மறைக்கும் ஒரு நீட்சி.
மறைக்கிறதா என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம்.
நான் பார்ப்பதில்லை, பார்க்கிற ஒன்றை எழுதிவைத்திருக்கிறேன்.
அது தானே பிரவுசரைத் திறக்கும்
புத்தம்புதுசாய், நேற்று என்று ஒன்று இல்லாமல்.
நீட்சியை ஏற்றும்.
நான் ஜோடித்த பொய்ப் பக்கத்துக்குப் போய்
நான் ஜோடித்த பொய் விளம்பரம்
கண்ணில் படுகிறதா என்று எண்ணும்.
பூஜ்யம் என்றால் பச்சை.

முதல் நாற்பதுக்கு சோப்பு, நகைக்கடன், மூட்டுவலித் தைலம்.
நாற்பத்தொன்றுக்கு வரும்போது அலுத்துப்போய்
கைக்கு வந்ததை அடித்தேன்:

நேதாஜி நகர். மாடி. ஒரு ஹால், ஒரு ரூம்.
மெட்ரோ வாட்டர் தினம் வரும்.
வாடகை ஆறாயிரம், அட்வான்ஸ் ஒரு மாசம்.
யார் வேணா வரலாம்.

படத்துக்கு ஒரு நீலக் கதவு.

கரண்ட் போயிருந்தது.
போனால் கிளாடிஸ் அக்கா சார்ஜரோடு வந்துவிடுவாள்,
இந்த மாடியில் இன்வெர்ட்டர் எங்களிடம்தான்.
மாதவரம் கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் எழுதுகிற வேலை,
செகண்ட் ஷிப்ட் முடித்து
பார்சல் இட்லி இன்னும் பிரிக்காமல் கையில்.
தோற்றுப்போன சோதனை
தோற்ற நொடியைப் படம் பிடித்து வைக்கும்.
அந்தப் படம்தான் திரையில் பெரிதாய்.

“ஏய், இது நேதாஜி நகர்லயா? நம்பர் குடு.”
டெஸ்டுக்குக்கா, என்றேன்.
“எதுக்கா இருந்தா இன்னா, காலியாத்தான கீது?”

முப்பதாம் தேதிக்குள் அவள் காலி செய்ய வேண்டும்,
ஓனர் மகன் துபாயிலிருந்து வருகிறான்.
பதினோரு வீடு பார்த்தாகிவிட்டது.
எத்தனை பேர், என்ன ஆட்கள், மீன் வாசனை வருமா,
வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்களாம்.
கடைசிக் கேள்விக்கு அவள் ஊருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள்.

நீட்சிக்கும் இதே கதைதான்.
வேறு ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்தால்
அதன் அடையாள எண்ணே மாறிவிடும்,
பாதையை வைத்துத்தான் எண்.
இதை அவளிடம் சொல்லவில்லை. ரேஷன் கார்டில்
நான்காவது விலாசம் அவளுக்கு.

பிழை சின்னதுதான்.
நீட்சிக்குப் பின்னால் ஒரு வேலையாள் உண்டு,
முப்பது நொடி வேலை இல்லாவிட்டால்
பிரவுசரே தூங்கவைத்துவிடும்.
என் சோதனை சில ராத்திரி
அவன் கண் விழிக்குமுன் உள்ளே ஓடிவிடுகிறது.
ஐந்து நொடி நில் என்று எழுதியிருந்தேன்.
ஐந்து நொடி யாருக்குப் போதும்?
கேட்டில் நிற்கிறவனிடம் கேட்டால் தெரியும்.
அதை அடித்துவிட்டு,
விழித்தானா என்று கேள், விழித்தபிறகு போ
என்று ஒரே வரி.

ஓடவிட்டேன்.
அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.
பிரவுசர் திறந்தது, யாரும் தொடாமல் மவுஸ் நகர்ந்தது,
நீலக் கதவு ஒரு கண்சிமிட்டு தெரிந்தது,
இல்லை.
கீழே இருந்த வரி மேலே ஏறிக்கொண்டது,
நடுவில் ஒன்றும் இருந்ததே இல்லை போல.

பச்சை.

“யாரோ எடுத்துட்டாங்களா?” என்றாள்.

நான் சேமித்தேன், மேலே அனுப்பினேன்,
‘41 சரி செய்யப்பட்டது’ என்று குறிப்பு எழுதினேன்.
அவள் இட்லியைப் பிரித்து எனக்கு இரண்டு வைத்தாள்.
வண்டி முடிந்து
கேட் தூக்குகிற மணி அடித்தது.

தோற்ற படங்கள் சர்வரில் ஏழு நாள் இருக்கும்.
அதற்குமேல் தானாக அழிந்துவிடும்.
இன்று இருபத்திரண்டு.