ஜெட் மணிநேரம்

படிவத்தில் பதினான்காவது கட்டம்.
மொத்தப் பறப்பு: நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு மணி.
கேப்டனாக: இரண்டாயிரத்துச் சொச்சம்.
அதற்குக் கீழே,
ஜெட் விமானத்தில்:
சுழியம்.
தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பள்ளிக்கூடத்தில்கூட வாங்காத முட்டை.

எலகங்காவில் கரண்ட் போய் ஒரு மணி ஆகிறது.
லேப்டாப் வெளிச்சத்தில் நானும்
ஆறிப்போன ரவா இட்லியும்.

மாச்சய்யா போனபோது கேலி செய்தேன்.
என் வலப்பக்கம் இரண்டு வருடம் உட்கார்ந்தவன்,
கடப்பாவின் குறுக்குக் காற்றில்
"கால், கால், இடது கால்" என்று நான் கத்தக் கத்த
சட்டை நனைய இறக்கியவன்.
இப்போது அங்கே இருக்கிறான்.
நான் போய்ச் சேர்ந்தால் பணிமூப்புப் பட்டியலில்
அவனுக்கும் எனக்கும் நடுவே முந்நூற்றுப் பத்துப் பேர்.
எந்த ஊர், எந்த லீவு, யாருக்குத் தீபாவளி,
எல்லாம் அந்த எண்தான் சொல்லும்.
தோளில் நாலு கோடு இருந்ததே என்றால்
ஒன்றைக் கழற்றி வை என்கும்.

ஒரு கோடு என்ன எடை இருக்கும்?
சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், பொய்யில்லை.
முள் அசையவில்லை.

கணக்கெல்லாம் போட்டாயிற்று.
முதல் இரண்டு வருடம் கையில் குறையும்,
ஆறாம் வருடம் இரட்டிக்கும்,
எனக்கு முப்பத்தெட்டு, வீட்டுக் கடனுக்குப் பதினேழு.
இம்மானுவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
"நீயே முடிவு பண்ணு" என்று தூங்கப் போய்விட்டான்.
கோபுரமும் அப்படித்தான்.
காற்று எத்தனை நாட் என்று சொல்லும்.
இறங்கலாம் என்னும்;
இறங்கு என்னாது.

போன வியாழன், சேலத்திலிருந்து திரும்பும் வழி.
மேட்டூர்த் தண்ணீர் முழங்கால் மடக்கிப் படுத்திருந்தது.
பத்து மாட்டை எண்ணலாம்போல் அத்தனை தெளிவு.
பெங்களூரு நெருங்கும்போது வட்டமடிக்கச் சொன்னார்கள்,
பெரியது ஒன்று ஏறுகிறதாம்.
அலைவரிசையில் அதன் குரல்:
அதே மூக்கடைப்பு.
முப்பத்தாறாயிரம் அடிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு
மாச்சய்யா ஃபிராங்க்ஃபர்ட் போய்க்கொண்டிருந்தான்.
எங்கள் எழுபது பேரும் அவனுக்காக
இரண்டு சுற்றுச் சுற்றினோம்.
என் பக்கத்தில் இருந்த புதுப் பெண் யாழிசை
தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.
நான் எரிபொருளைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் போட்டேன்.
"இந்த மாசம் எத்தனை தரையிறக்கம்டா?"
"ரெண்டு, மேடம். அதுல ஒண்ணு கேப்டன் வாங்கிக்கிட்டார்."
எனக்கு அன்றைக்கு மட்டும் ஆறு.
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் அவன்,
"ஆனா சாப்பாடு சூடா வருது.
அப்புறம், மழைக்கு மேல போறோம் மேடம்.
நீங்க இன்னும் மழைக்குள்ளயே போறீங்க."

உண்மைதான்.
ஐப்பசியில் எங்கள் கண்ணாடியில்
மழை பாக்கு உருட்டும்.
ஏணி ஏறும்போது குழந்தைகள்
ஃபேன் வச்ச ஃப்ளைட் என்று கை காட்டும்.
பெரியவர்கள் டிக்கெட்டை
இன்னொரு முறை பார்ப்பார்கள்.
அந்த ஃபேனை நான் தொடாமல் ஏறியதில்லை,
விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவி.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் வந்தது,
ஃப்ரிட்ஜ் திடுக்கிட்டு எழுந்தது.
அனுப்பிவிட்டேன்.

கூப்பிடுவார்களோ, மாட்டார்களோ.
கூப்பிட்டாலும் முன்னறிவிப்பு ஒரு வருடம்:
போகிறேன் என்று சொன்ன பிறகும்
அதே சேலம், அதே ஹூப்ளி,
கட்டிய பெட்டியோடு வாசலில் நின்று
ஒரு வருடம் பேசிக்கொண்டிருப்பதுபோல.

அலாரம் மூன்று நாற்பதுக்கு.
நாளை முதல் சுற்று கடப்பா.
காற்று எப்படி என்று இப்போதே பார்த்துவிட்டேன்,
பழக்கம்.